பொருள் எண் 31: சந்தைக்காக நகர்மன்றத்துக்குப் போன அனுபவம்

எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா என்னிடம்தான் ரவிக்கை தைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை பொழுதோடு கடைக்கு வந்தவர், பையிலிருந்து துணியோடு ஒரு கத்தைத் தாளையும் எடுத்து மிஷின் மேல் வைத்தார். "அம்மிணி, இதுல நம்ம சந்தையப் பத்தி என்னமோ போட்டிருக்குது. ரெண்டு தரம் படிச்சுட்டேன், ஒண்ணும் வெளங்கல. நீ பாரு" என்றார். அடுத்த புதன்கிழமை நடக்கப்போகும் நகர்மன்றக் கூட்டத்தின் அஜெண்டா அது. மொத்தம் 42 பொருள்கள். 31-வது பொருளில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருந்தது.

அதற்கு முன்னால் நகர்மன்றம் என்றால் எனக்குச் சொத்துவரி ரசீதுதான். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க வரியை உயர்த்தினார்களே, 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம் என்று, அப்போதுதான் 'மன்றத் தீர்மானம்' என்ற சொல்லையே கவனித்தேன். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்ப்பேன், தீர்மான நகல் வாங்குவேன் என்றெல்லாம் நினைத்ததில்லை. அந்த ஆறேழு மாதத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைத்தால் இன்னொரு ஊர்ச் சந்தைக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பவானிக்கும் நொய்யலுக்கும் நடுவில் உள்ள சின்ன நகராட்சி எங்களுடையது. 27 வார்டு. ஒரு பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற தோட்டங்கள், மறுபக்கம் விசைத்தறியும் பனியன் கம்பெனியும். சனிக்கிழமை வாரச்சம்பளம் கைக்கு வரும், ஞாயிறு சந்தை கூடும். விடிகாலையில் தோட்டத்துக்காரர்கள் சின்ன வெங்காயம், முருங்கை, கத்திரி என்று மொபெட்டில் கட்டி எடுத்து வருவார்கள். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச்சர்க்கரை வரும். மாலையில் வருகிற கூட்டம் வேறு. தறியிலும் கம்பெனியிலும் வேலை செய்கிற பெண்கள் வாரத்துக்கான காய், கருவாடு, குழந்தைக்குச் சட்டை எல்லாவற்றையும் அந்த இரண்டு மணி நேரத்தில் வாங்கிவிடுவார்கள். என் மாமியார் 22 வருடமாக அங்கே புளியமரத்தடியில் கீரையும் கறிவேப்பிலையும் விற்கிறார். அத்தைக்கு அந்த மரத்தடிதான் கடை.

31-வது பொருள் சொன்னது இதுதான். சந்தை வளாகத்தில் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள். பணி முடியும்வரை சந்தையைப் பைபாஸ் ரோட்டை ஒட்டிய நகராட்சி நிலத்துக்கு மாற்றுவது பற்றிய அலுவலகக் குறிப்பு, மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது.

கட்டடமே வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் அந்தச் சந்தைக்குள் கால் வைக்க முடியாது, சேறு முழங்காலுக்கு வரும். காலையிலிருந்து இரவு வரை உட்காருகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. பக்கத்துத் தெருவில் தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டித்தான் போக வேண்டும். ஆனால் பைபாஸ் நிலம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் அங்கே நிற்காது. விளக்கு இல்லை. இரவு எட்டு மணிக்குக் கூடையோடு ஒரு அறுபது வயது அம்மா எப்படித் திரும்புவார்? அதைவிடப் பெரிய கவலை, கட்டடம் முடிந்த பிறகு தரைக்கடைக்காரர்களுக்கு இடம் உண்டா என்று அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. கடைகளுக்கு ஏலம், வைப்புத்தொகை என்று வந்துவிட்டால் சாக்கு விரித்து உட்காருகிறவர் எங்கே போவார்? ரோட்டோரத்துக்குத்தான்.

அன்று ராத்திரி அஜெண்டா முழுவதையும் அக்காவும் நானும் படித்தோம். அந்த நடையைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம். ஒவ்வொரு பொருளின் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'பின்னேற்பு' என்று முடிந்தால் அந்த வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, பணமும் செலவாகியிருக்கும். மோட்டார் பழுது, பைப் உடைப்பு, குளோரின் வாங்கியது எல்லாம் இதில் வரும். அங்கே கேள்வி கேட்கலாம், மாற்ற முடியாது. 'மதிப்பீட்டிற்கு அனுமதி' என்றால் வேலை முடிவாகிவிட்டது, தொகைதான் பேச்சு. அரசாணையை மேற்கோள் காட்டி வருகிற பொருள் மேலிருந்து வந்தது. சொத்துவரி அப்படி வந்ததுதான். அதில் மன்றத்தில் எவ்வளவு பேசினாலும் பெரிதாக அசையாது. 'மன்றத்தின் முடிவிற்கு' என்று முடிகிறதுதான் உண்மையில் கவுன்சிலர்கள் கையில் இருப்பது. 42 பொருளில் அப்படி இருந்தவை ஐந்தோ ஆறோ. எங்கள் சந்தை அதில் ஒன்று. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தையை எண்ணினோம். டீக்கடை அண்ணன் மகன், எங்கள் தெருக் கல்லூரிப் பெண் ஒருத்தி, நான். ஆளுக்கொரு நோட்டு. காலை ஏழு மணிக்கு ஒரு தரம், மதியம் ஒரு தரம், மாலை ஐந்துக்கு ஒரு தரம். மூன்று தரம் எண்ணியது நல்லதாகப் போயிற்று. காலையில் இருந்தவர்களில் பாதிப்பேர் மாலையில் இல்லை, அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள். காலையில் 118 தரைக்கடை, மாலையில் 164. அலுவலகக் குறிப்பில் 'சுமார் 90 கடைகள்' என்று இருந்தது. யாரோ ஒரு காலை நேரத்தில் மேடைக்கடைகளை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்கும் போகிற வியாபாரிகள் எத்தனை பேர், இந்த ஒரு சந்தையை மட்டுமே நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுக் குறித்தோம். இந்த ஒன்றை மட்டும் நம்பியவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

திங்கட்கிழமை ஒரு தப்புச் செய்தோம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். வரிசையில் நின்று மனு கொடுத்தோம், ரசீதும் தந்தார்கள். ஆனால் அந்த மனு எங்கே போகும்? 'உரிய நடவடிக்கைக்காக' எங்கள் நகராட்சிக்கே அனுப்பப்படும். அது வந்து சேருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். கலெக்டர் மனு தேவைப்படுகிற இடங்கள் உண்டு, நான் குறை சொல்லவில்லை. முடிவு எடுக்கிற இடம் மூன்று தெரு தள்ளி இருக்கும்போது, நாள் இரண்டுதான் மிச்சம் என்கிறபோது, ஒரு முழு நாளை அங்கே கொடுத்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை மனுவைத் திருத்தி எழுதினோம். முதல் மனு நாலு பக்கம், முழுக்க ஆதங்கம். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் எங்கள் மாமா ஒருவர் படித்துவிட்டு, "இதை எந்த கவுன்சிலருமே ரெண்டாம் பக்கம் திருப்ப மாட்டாங்க கண்ணு. அவங்க தீர்மானமா எழுதறதுக்குத் தோதா நீ எழுதிக் கொடு" என்றார். அதன்படி ஒரே பக்கம். தலைப்பிலேயே கூட்ட நாளும் பொருள் எண் 31 என்பதும். கீழே மூன்று கோரிக்கை மட்டும். ஒன்று, பைபாஸுக்குப் பதில் பஸ் ஸ்டாண்டு பின்னால் காலியாகக் கிடக்கும் பழைய லாரிப்பேட்டையைத் தற்காலிக இடமாக்க வேண்டும். இரண்டு, இடம் மாறும் முன் தரைக்கடைக்காரர் பட்டியலைத் தயாரித்து ஒட்ட வேண்டும். மூன்று, கட்டடம் முடிந்த பின் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தரைக்கடை இடம் ஒதுக்க வேண்டும். எண்ணிக்கைத் தாளைப் பின்னால் இணைத்தோம்.

அந்த மாமா இன்னொன்றும் சொன்னார். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தில், விற்பனைச் சான்று பெற்ற வியாபாரியை அகற்றவோ இடம் மாற்றவோ 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மக்கள் காலங்காலமாகக் கூடி வாங்கி விற்கிற சந்தையை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் சந்தை வளாகம் நகராட்சியின் சொந்த இடம், அதனால் அந்தச் சட்டத்தையே பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம், தெருவில் உட்காருகிறவருக்கே 30 நாள் என்றால் வருஷக்கணக்காகச் சுங்கம் கட்டி உட்காருகிறவருக்கு அதற்குக் குறையக் கூடாது என்று மட்டும் கேளுங்கள் என்றார். அந்த ஒரு வாக்கியம் மனுவில் நன்றாக உட்கார்ந்தது.

பட்டியலுக்கு ஆதாரம் எங்கே என்று யோசித்தபோது அத்தைதான் டிரங்குப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடனுக்காக நகராட்சியில் எழுதிக் கொடுத்து வாங்கிய வியாபாரி அடையாள அட்டை. சந்தையில் விசாரித்தால் இன்னும் நிறையப் பேரிடம் அது இருந்தது. அப்படியானால் பட்டியலில் பாதி ஆபீஸிலேயே இருக்கிறது. இதையும் மனுவில் சேர்த்தோம். எந்த ஊராக இருந்தாலும், புதிதாக ஒன்றைக் கேட்கும் முன்னால் அது ஏற்கெனவே எந்தப் பிரிவில் எந்தப் பதிவில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அக்காவுக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் நகரங்களில் முதன்முதலாக, கிராம சபை மாதிரி மக்களைக் கூட்டிக் குறை கேட்கிற பகுதி சபைக் கூட்டம் நடந்ததே, அதில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் சந்தையில் கழிப்பறை வேண்டும் என்று கேட்டதை எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த வரி இப்போது உதவியது.

தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினோம். பிறகு 27 நகல் எடுத்து, கட்சி பார்க்காமல் கவுன்சிலர்கள் வீடு வீடாகப் போனோம். சிலர் கதவருகிலேயே வாங்கிக்கொண்டார்கள். சிலர் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்துக் கேட்டார்கள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் "சந்தையை வச்சு வெளிநடப்புப் பண்ணிடலாமுங்க, பேப்பர்ல வரும்" என்றார். வேண்டாமுங்க, வெளியே போய்விட்டால் பொருள் அப்படியே நிறைவேறிவிடும், உள்ளே இருந்து ஒரு திருத்தம் சொல்லுங்க போதும் என்று கெஞ்சிக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு இன்றும் எங்கள் நன்றி உண்டு.

அக்கா 2022 தேர்தலில் பெண்கள் வார்டில் ஜெயித்து முதல்முறையாக மன்றத்துக்குப் போனவர். அதுவரை எந்தப் பொருளிலும் வாய் திறந்ததில்லை. அவர் வீட்டுக்காரர், "நான் தலைவர்கிட்டப் பேசிக்கறேன், நீ கம்முனு இரு" என்றாராம். மன்றத்துக்குள் அவர் உட்கார முடியாதே. செவ்வாய் ராத்திரி என் கடையில் அக்கா நின்று பேசிப் பழகினார். நாலே வாக்கியம். முதல் தரம் குரல் நடுங்கியது. ஐந்தாவது தரம் எதிரே தலைவர் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து பேசினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

கூட்டத்தைப் பார்க்க முன்கூட்டியே தலைவருக்கு எழுதிக் கேட்டிருந்தோம். ஐந்து பேரைப் பின்பக்கம் நிருபர்கள் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து பொருள்களை வாசிக்கத் தொடங்கியதும் எனக்குப் பயமாகிவிட்டது. அவ்வளவு வேகம். தெருவிளக்கு, மோட்டார் பழுது, நாய்களுக்குக் கருத்தடை, ஜீப்புக்கு டயர், எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் ஆனது. நடுவில் குடிநீரில்தான் நின்றது. எட்டு நாளைக்கு ஒருமுறைதான் ஆற்றுத் தண்ணீர் வருகிறது என்று மூன்று கவுன்சிலர்கள் சத்தம் போட, கால்மணி நேரம் போனது. பிறகு ஒருவர் "மீதியெல்லாம் ஆல்பாஸ்" என்றார். 20-க்கு மேல் எல்லாமே ஒரே மூச்சில் போயிருக்கும். அக்கா எழுந்துவிட்டார். "31-ல் எனக்குத் திருத்தம் இருக்குதுங்க தலைவரே" என்றார்.

நாலு வாக்கியமும் சொன்னார். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வழிமொழிந்தார். பொறியாளர், லாரிப்பேட்டையில் தண்ணீர் தேங்கும் என்றார். கிராவல் கொட்டிக் கொடுக்கலாமே என்று இன்னொரு பெண் கவுன்சிலர் கேட்டார். அவர் வார்டில் நாங்கள் மனு கொடுத்தபோது வாங்கிப் படிக்காமல் வைத்தவர் அவர், ராத்திரி படித்திருக்கிறார். தலைவர் ஆணையாளரைப் பார்த்தார், ஏதோ பேசிக்கொண்டார்கள். "சரி, மூணையும் ஏத்துக்கலாம், எழுதிக்குங்க" என்றார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்து அத்தையிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்திருக்கக்கூடும். ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம். குமாஸ்தா மாமா மட்டும் "தீர்மான நகலைக் கையில வாங்குனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேரில் இரண்டு முறை கேட்டோம், அடுத்த வாரம் என்றார்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு. 'சந்தை தொடர்பான எல்லா ஆவணமும்' என்று கேட்காமல், கூட்ட நாள், பொருள் எண், தீர்மான எண் குறித்து நகல் கேட்டோம். கூடவே சந்தைச் சுங்கக் கட்டணப் பட்டியலும், சுங்கம் வசூலிக்கிற குத்தகையின் நிபந்தனைகளும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். 27-வது நாள் தபால் வந்தது.

தீர்மானத்தில் லாரிப்பேட்டை இருந்தது. பட்டியல் இருந்தது. மூன்றாவது கோரிக்கை இல்லை. கட்டடம் முடிந்த பின் பட்டியலில் உள்ளவர்களுக்கு இடம் என்ற வரியே இல்லை. மன்றத்தில் எங்கள் ஐந்து பேர் காதிலும் விழுந்த சொல், மினிட் புக்கில் இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, எழுதியவர் தவறவிட்டாரா என்று ஊரில் பல பேச்சு. நான் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. நாளைக்கு ஏலம் விடுகிறபோது அதிகாரி பார்க்கப்போவது எழுத்தைத்தான். அன்றைக்கு நாங்கள் கூடியிருந்த பெஞ்சைக் கேட்கமாட்டார்.

அக்கா அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல் தலைவரிடம் எழுத்தில் கொடுத்தார். இந்த முறை எங்கள் மனுவின் முத்திரை போட்ட நகலும், கூட நின்ற இரண்டு கவுன்சிலர்கள் கையெழுத்தும் இருந்தன. தலைவர் மறுக்கவில்லை. "நான் சொன்னது ஞாபகம் இருக்குதும்மா" என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் தனிப்பொருளாகவே வந்து, பட்டியலில் உள்ள தரைக்கடைக்காரர்களுக்குப் புதிய வளாகத்தில் இடம் ஒதுக்குவது என்று தீர்மானமானது. அந்த நகலை மூன்றே நாளில் கொடுத்துவிட்டார்கள். மடித்து வைக்காமல் லேமினேஷன் செய்து என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

சுங்கக் கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதாமாதம் கையில் பணம் மிச்சமானது அதனால்தான். அத்தை வாராவாரம் 40 ரூபாய் கொடுத்து வந்தார். சீட்டுத் தரமாட்டார்கள். தகவல் மனுவுக்கு வந்த பட்டியலில் தரைக்கடைக்கு மன்றம் நிர்ணயித்தது 20 ரூபாய். குத்தகை நிபந்தனையிலேயே கட்டணப் பலகை வைக்க வேண்டும், சீட்டுத் தர வேண்டும் என்றும் இருந்தது. நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. பட்டியல் நகலை இருபது முப்பது எடுத்து எல்லாத் தரைக்கடைக்காரர்களும் பார்க்கும்படி கைமாற்றிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு வசூலுக்கு வந்த பையனிடம் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி, "சீட்டுக் கொடு கண்ணு, இருபது தர்றோம்" என்றார்கள். இரண்டு வாரம் முறுகல் இருந்தது. அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் லாரிப்பேட்டை வாசலில் கட்டணப் பலகை வந்துவிட்டது. கூலிக்குப் போகாமல் கீரைக்கட்டை நம்பி உட்காருகிறவருக்கு வாரம் 20 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை.

லாரிப்பேட்டையில் குறைகள் இருக்கின்றன. கிராவல் பாதி இடத்துக்குத்தான் வந்தது. புளியமரம் மாதிரி நிழல் இல்லை, வெயில் காலத்தில் தார்பாய் கட்டியும் கீரை பதினொரு மணிக்கே வாடிவிடுகிறது. தண்ணீர்க் குழாயும் தற்காலிகக் கழிப்பறையும் வந்தன, கழுவி விடுவதற்கு வாராவாரம் துப்புரவு மேஸ்திரியை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மாலை வியாபாரம் மட்டும் குறையவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்பதால் கூடியிருக்கிறது என்கிறார்கள்.

புதுக் கட்டடம் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கடை ஏல நிபந்தனைகள் அடுத்த கூட்டத்தில் வரும் என்று பேச்சு. தரைக்கடைப் பட்டியலில் 171 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான இடத்தை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை அஜெண்டா கைக்கு வந்ததும் நேராகக் கடைக்கு வந்துவிடுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். டீக்கடை அண்ணன் மகனையும் குமாஸ்தா மாமாவையும் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.